வால்பாறை விடுதிக்காரர்களுக்கும் கேமரா நண்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வால்பாறையில் ரிசார்ட், காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துகிற முதலாளிகளுக்கும், மழை பிடித்ததும் கோவையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மேக்ரோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு மலையேறி வருகிற நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெயர் சொல்லி யாரையும் இழுக்கப் போவதில்லை. படிக்கும்போது 'இது நம்மளைத்தான் சொல்றான்' என்று தோன்றினால், ஆமாம், உங்களைத்தான்.

இந்த மழைக்கான 'ராத்திரி தவளை நடை' விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்டன. பச்சை உடம்பு, விரல்களுக்கு நடுவே விரிந்த ஆரஞ்சுச் சவ்வு, பின்னால் கும்மிருட்டு, கீழே 'பறக்கும் தவளை கண்டிப்பாகப் பார்க்கலாம், கேரண்டி' என்று ஒரு வரி. அந்த கேரண்டியைக் கொடுப்பது யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மழையும் கொடுக்கவில்லை, தவளையும் கொடுக்கவில்லை. உங்களிடம் வேலை பார்க்கிற எஸ்டேட் லயன் வீட்டுப் பையன் கொடுக்கிறான். பொழுது சாயும்போதே குட்டைப் பக்கம் போய் ஒன்றோ இரண்டோ பிடித்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்து டார்ச்சோடு வெளியே வருகிற நேரத்துக்குத் தோட்டத்துச் செடியில் உட்கார வைத்துவிடுகிறான். அவர்களும் 'வாவ்' என்று படம் எடுத்துக்கொண்டு, போகும்போது அவன் கையில் நூறோ இருநூறோ திணித்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் அந்தத் தவளை எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

நான் பஸ் ஸ்டாண்டில் ஆட்களை ஏற்றி உங்கள் வாசலில் இறக்குகிற ஜீப்காரன். அம்மா கொழுந்து பறித்த காசில் வளர்ந்தவன். சுற்றுலா வந்தால்தான் என் வீட்டிலும் அடுப்பெரியும், அதனால் நடையே கூடாது என்று சொல்ல வரவில்லை. ராத்திரி சஃபாரி என்று வண்டியைக் காட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பற்றியும் இங்கே பேசவில்லை, அதை வனத்துறை பார்த்துக்கொள்ளட்டும். யானையும் கரடியும் சிறுத்தையும் நடமாடுகிற ஊரில் இருட்டில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைவதே எவ்வளவு தூரம் சரி என்று இன்னொரு நாள் சண்டை போடலாம். இப்போது பேசுவது உங்கள் வளாகத்துக்குள், எஸ்டேட் எல்லைக்குள், நீரோடை ஓரத்தில், குட்டை ஓரத்தில் நடப்பதைப் பற்றி மட்டும்தான்.

முதலில், நீங்கள் காட்டுகிற தவளை எது? பாதி விளம்பரங்களில் 'மலபார் பறக்கும் தவளை' என்று போட்டிருக்கிறீர்கள். மலபார் தவளை வேறு. ஜெர்டன் என்கிற வெள்ளைக்கார டாக்டர் 1870-லேயே அதைப் பற்றி எழுதி வைத்துவிட்டார், மேற்குத் தொடர்ச்சி மலையில் பரவலாகவே இருக்கிறது. நம் மேட்டில் இருப்பது ஆனைமலைப் பறக்கும் தவளை. ரொம்ப நாளாக இரண்டையும் ஒன்றென்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கார்த்திகேயன் வாசுதேவன், சுஷில் தத்தா என்ற இரண்டு ஆய்வாளர்கள் நம் ஆண்டிபாறைச் சோலையில் கிடைத்ததை வைத்து, இது தனி இனம் என்று 2000-இல்தான் எழுதினார்கள். நன்றாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: பச்சை முதுகில் யாரோ மெல்லிய பேனாவால் கிறுக்கிய மாதிரி கறுப்புக் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையும் அதை ஒட்டிய மூணாறு பக்கத்து மலைகளும், அவ்வளவுதான் அதற்கு உலகம். வேறெங்கும் கிடையாது. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவரிடம் 'இது எங்க ஊர்த் தவளை சார், இந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லை' என்று சொல்லலாம். சொன்னால் உங்கள் வியாபாரத்துக்கே நல்லது. ஆனால் விளம்பரத்தில் இருப்பது வேறு தவளையின் பெயர், சில நேரம் கூகுளில் எடுத்த வேறு நாட்டுத் தவளையின் படம். சிவப்புக் கண் தவளை கோஸ்டா ரிகாக்காரன், அவனுக்கு வால்பாறையில் என்ன வேலை?

பறக்கும் தவளை என்கிறோமே தவிர அது பறப்பதில்லை, சறுக்குகிறது. உயரத்திலிருந்து குதிக்கும்போது கைகால் விரல்களை விரித்தால் சவ்வு நான்கு சின்னக் குடைகளாக விரிந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும், அப்படியே சாய்வாக வந்து அடுத்த மரத்தில் ஒட்டிக்கொள்ளும். மலபார் தவளை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மீட்டர் வரை போகும் என்று சொல்கிறார்கள். விரல் நுனியில் இருக்கிற வட்டத் திண்டுகள் ஈர இலையிலும் வழுக்காது. இப்படி ஒரு உடம்பு எதற்கு? மேலே வாழத்தான். வருடத்தில் பெரும்பாலான நாள் அது மர உச்சிப் பக்கம்தான் கிடக்கிறது, நம் யார் கண்ணிலும் படாது. தென்மேற்குப் பருவமழை பிடித்து, பள்ளத்தில், சதுப்பில், ஓடையோரத்தில் தண்ணீர் தேங்கிய பிறகுதான் கீழே இறங்கி வருகிறது.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். உங்கள் டார்ச் வெளிச்சத்தில் தெரிகிற ஒவ்வொரு பறக்கும் தவளையும் ஒரே ஒரு வேலையாகக் கீழே வந்திருக்கிறது. இனம் பெருக்க வந்திருக்கிறது. வருடம் முழுவதும் மேலே இருந்துவிட்டு, இந்தச் சில வாரங்கள் மட்டும் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறங்குகிறது. நாமும் அதே சில வாரத்தைப் பார்த்து அறை வாடகையை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அது கூடு கட்டுவதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. பெண் தவளை பெரியது, ஆண் சின்னது. ஆணை முதுகில் சுமந்துகொண்டு பெண் மெதுவாகக் கிளையில் ஏறி, தண்ணீருக்கு நேர் மேலே தொங்குகிற இலைக்கொத்தாகப் பார்த்து உட்காரும். அப்புறம் அதன் பின்புறத்திலிருந்து கொழகொழவென்று ஒரு திரவம் கசியும். அதைப் பின்னங்கால் இரண்டாலும் அடிக்கத் தொடங்கும், ஆம்லெட்டுக்கு முட்டை அடிக்கிற மாதிரி, விடாமல். கொஞ்சம் நிறுத்தும், மூச்சு வாங்கும், மறுபடி அடிக்கும். நுரை பொங்கப் பொங்க முட்டைகள் அதற்குள் போகும், ஆணும் தன் பங்கைச் சேர்க்கும். பக்கத்து இலைகளைக் காலால் இழுத்து நுரைமேல் ஒட்டிவைக்கும். விடிந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டலம் தொங்கும். மேலே காய்ந்து தோல் கட்டியிருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஒரு வாரம் போல ஆனதும் உள்ளே பொரித்த குஞ்சுகள் நெளிய, மழையில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டி நேர் கீழே தண்ணீரில் விழும்.

நேர் கீழே. அதுதான் முக்கியம். கூட்டுக்கு அடியில் தண்ணீர் இல்லையென்றால் விழுந்த குஞ்சு தரையில் விழுந்து சாகும். இப்போது ஒரு கேமராக்காரர் வருகிறார். கூடு நல்ல இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் முன்னால் ஒரு கிளை மறைக்கிறது, அதை உடைக்கிறார். பின்னணியில் ஒரு மட்டை தெரிகிறது, அதை மடக்குகிறார். கூடு இருக்கிற கிளை தண்ணீர்ப் பக்கம் எட்டமுடியாமல் இருப்பதால் சணல் போட்டுக் கரைப் பக்கம் இழுத்துக் கட்டுகிறார். படம் அருமையாக வருகிறது. ஆனால் கட்டிய சணலை அவிழ்க்க மறந்துவிடுகிறார், அல்லது அவிழ்த்தாலும் கிளை பழைய இடத்துக்குப் போவதில்லை. மறைவுக்காகத் தவளை ஒட்டிவைத்த இலையைப் பிரித்ததால் அடுத்த நாள் வெயிலில் நுரை காய்ந்து கட்டியாகிறது. இதில் யாரும் தவளையைத் தொடவே இல்லை, கவனியுங்கள். 'நாங்க தொடவே மாட்டோம் சார்' என்று மார்தட்டுகிற நல்ல போட்டோகிராபர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன்.

தொடுகிறவர்கள் கதை இன்னும் மோசம். மழைக்காலத்தில் நம் ஊரில் அட்டைக்குப் பயந்து ஆட்கள் என்னவெல்லாம் பூசிக்கொள்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? உப்பு, மூக்குப்பொடி, வேப்பெண்ணெய், டெட்டால், இப்போதெல்லாம் கொசுக் களிம்பு வேறு. உப்பைத் துணியில் முடிந்து கையிலேயே வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். காலில் ஏறிய அட்டைமேல் உப்பைத் தேய்த்த அதே விரலால் தவளையைத் தூக்குகிறார்கள். தவளை தோலால் தண்ணீர் குடிக்கிற பிராணி, மூச்சில் ஒரு பங்கையும் தோலால்தான் வாங்குகிறது. நமக்குத் தோல் ஒரு சட்டை, அதற்குத் தோல்தான் வாயும் மூக்கும். உப்புக் கையால் பிடித்தால் அதற்கு என்ன ஆகும் என்று அட்டைக்கு ஆவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கையில் எடுத்ததும் சர்ரென்று தண்ணீர் விடுமே, 'ஐயோ மூத்திரம் போயிடுச்சு' என்று சிரிக்கிறீர்களே, அது தவளை உடம்பில் சேர்த்து வைத்திருந்த தண்ணீர். ஒவ்வொரு தடவையும் பயமுறுத்தி அதைக் கொட்ட வைக்கிறோம்.

பையன்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் தவளையைத் தொடுவது தவளைமேல் கோபத்தால் இல்லை. நடைக்குக் கூட்டிப்போனதற்கு நீங்கள் தனியாக ஒரு பைசா கொடுப்பதில்லை, மாதச் சம்பளத்திலேயே அதுவும் அடக்கம் என்கிறீர்கள். டிப்ஸ் எப்போது வரும்? தவளை கண்ணில் பட்டால், அதுவும் நல்ல போஸில் பட்டால் வரும். அரை மணி நேரம் மழையில் நனைந்து 'இன்னிக்கு ஒண்ணும் இல்ல சார்' என்று சொன்னால் வராது. இந்தக் கணக்கில் எந்தப் பையனாக இருந்தாலும் டப்பாவோடுதான் போவான். போன மழைக்கு ஒரு விடுதியில் ஒரு தம்பி தவளையை எடுத்து வைக்க மறுத்திருக்கிறான், கூடு கட்டுகிற ஜோடி, வேண்டாம் என்று. விருந்தாளி ரிவ்யூவில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போனார், முதலாளி பையனைத் திட்டினார். அவனை அன்றைக்கு என் ஜீப்பில்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். 'இனிமே நான் ஏண்ணா நல்லவனா இருக்கணும்' என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை, பதில் உங்களிடம்தான் இருக்கிறது முதலாளி.

நடைக்கு என்று ஒரு கூலி வையுங்கள். தவளை வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கூலி. விருந்தாளியிடம் வாங்குகிற கட்டணத்திலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். தொடக்கூடாது, பிடிக்கக்கூடாது என்று சொல்கிற அதிகாரத்தையும் அவனுக்கே கொடுங்கள், அவன் சொன்னால் விருந்தாளி கேட்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மற்ற எதுவும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்தால் டப்பா பிசினஸ் தானாக நின்றுபோகும் என்பது என் கணிப்பு. எந்த ஆய்வும் பார்த்துச் சொல்லவில்லை, இந்த ஊர்ப் பையன்களைத் தெரியும், அதை வைத்துச் சொல்கிறேன்.

'ஒரு தவளையைத் தொட்டால் இனமே அழிந்துவிடுமா?' என்று கேட்பீர்கள். ஒன்றால் அழியாது. ஆனால் ஒரே குட்டை, ஒரே சில வாரம், தினமும் ராத்திரி, ஒரு விடுதி விட்டு இன்னொரு விடுதி. கேரளத்தில் விண்மீன் தவளை என்று ஒன்று, கறுப்பு உடம்பில் வெளிர்நீலப் புள்ளிகளோடு சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும். மரத்தில் ஏறுகிற ஜாதி இல்லை, விழுந்து மக்கிய கட்டைக்கு அடியில் வாழ்வது. ஆய்வாளர்கள் கண்காணித்துக்கொண்டிருந்த இடத்தில் படம் எடுக்க வந்தவர்கள் கட்டைகளைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போக, திரும்பிப் போய்ப் பார்த்தபோது அங்கே தவளைகளே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். வேறெதற்காகவும் இல்லை, ஃபோட்டோவுக்காக.

ஃபோட்டோவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. இந்தோனேசியாவிலிருந்து தவளை இலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற படங்கள் உலகம் முழுக்க சுற்றின, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் அதெல்லாம் ஜோடித்து எடுத்தவை என்று பெரிய சண்டை வந்தது. நம் ஊரில் அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை. ஆனால் செம்பருத்திமேல் உட்கார்ந்திருக்கிற ஆனைமலைப் பறக்கும் தவளை படத்துக்கு ஆயிரம் லைக் விழுவதைப் பார்க்கிறேன். சோலைக்காட்டில் செம்பருத்தி எங்கிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சறுக்குகிற படம் வேண்டும் என்று குச்சியால் குத்திக் குதிக்க வைப்பது, ஆண் தவளையின் குரலை ஃபோனில் போட்டுக் காட்டி வெளியே வரவழைப்பது, இதெல்லாம் 'டெக்னிக்' என்ற பெயரில் சொல்லித்தரப்படுகிறது. கத்துவது ஆண் தவளைக்குச் சும்மா இல்லை, அதன் சக்தி பெரும்பாலும் அதில்தான் போகிறது. போட்டியாளன் வந்துவிட்டான் என்று நினைத்து உங்கள் ஃபோனோடு மல்லுக்கட்டிவிட்டு, உண்மையில் பெண் வரும்போது அதனிடம் தெம்பு இருக்காது. ஃபோட்டோ குழு நடத்துகிற அட்மின்களே, கையில் வைத்த தவளை, இடம் மாற்றிய தவளை, கட்டி இழுத்த கூடு, இந்தப் படங்களை ஏற்காதீர்கள். எப்படி எடுத்தாய் என்று கேளுங்கள். கேட்டாலே பாதி குறையும்.

பறக்கும் தவளைக்காவது ரசிகர்கள் இருக்கிறார்கள். புதர்த்தவளைகளை யார் நினைக்கிறார்கள்? ராத்திரி நாலா பக்கமும் 'டிக் டிக்' என்றும் 'டிங்' என்றும் கேட்கிறதே, பூச்சி என்று நினைத்துக்கொண்டு போகிறீர்களே, அதில் பாதி கட்டைவிரல் அளவுகூட இல்லாத புதர்த்தவளைகள். தொண்டைப் பையைத் தன் தலையைவிடப் பெரிதாக ஊதிக்கொண்டு ஒரு இலை நுனியில் உட்கார்ந்திருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாக வளர்ந்து, அரிசி மணி அளவில் ஒரு குட்டித் தவளை வெளியே வரும். அதனால் அதற்குக் குட்டை வேண்டாம், ஈரச் சருகு போதும். அந்தச் சருகைத்தான் நீங்கள் பாதையை விட்டு இறங்கி, ட்ரைபாட் வைத்து, பத்து பேர் சுற்றி நின்று மிதிக்கிறீர்கள். களக்காடு முண்டந்துறை மலையில் இன்னொரு புதர்த்தவளை இருக்கிறது. மூங்கில் கணுவுக்கிடையே ஏற்கனவே இருக்கிற ஒரு சின்னப் பிளவு வழியாக உடம்பை நெருக்கிக்கொண்டு உள்ளே புகுந்து, முட்டையும் அங்கேயே, ஆண் காவலும் அங்கேயே. 1876-இல் பெயர் வைத்த பிறகு நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2010-ஐ ஒட்டித்தான் மறுபடி அகப்பட்டது. மூங்கிலுக்குள் ஒளிந்தால் எப்படி அகப்படும்! நல்லவேளை வால்பாறைக்கு வராமல் அங்கேயே இருக்கிறது, இங்கே இருந்தால் மூங்கிலைப் பிளந்து காட்டச் சொல்லியிருப்போம்.

அப்புறம் இந்தப் பூஞ்சை விஷயம். தவளைகளின் தோலைத் தாக்குகிற ஒரு பூஞ்சை இருக்கிறது, லத்தீன் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இனம் இனமாக வாரிக்கொண்டு போனது. பனாமாவில் எல் வாயே என்ற ஊர்ப் பக்கம் ஒரு மரத்தவளை, நம்முடையது மாதிரியே உச்சியில் வாழ்ந்து சறுக்கி இறங்குவது. மரப்பொந்தில் தேங்கிய தண்ணீரில் குஞ்சு பொரித்து, அப்பன் தவளை தன் தோலையே குஞ்சுகளுக்குத் தீனியாகக் கொடுத்து வளர்த்த ஜாதி. 2008-இல்தான் அதற்கு முறையாகப் பெயரே வைத்தார்கள். அதற்குள் பூஞ்சை அந்தக் காட்டுக்கு வந்துவிட்டது. கடைசியாகத் தெரிந்த ஒரே ஒரு ஆண் அமெரிக்காவில் அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் தனியாக இருந்து 2016 செப்டம்பரில் செத்துப்போனது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இந்தப் பூஞ்சை இருக்கிறது என்று ஆய்வுகள் வந்துவிட்டன. அங்கே மாதிரிக் கூண்டோடு சாவு இங்கே பார்க்கப்படவில்லை, அந்த அளவில் நிம்மதி. ஆனால் ஒரு தவளையைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொடுவதும், கர்நாடகத்து அகும்பே காட்டில் சகதி ஒட்டிய பூட்ஸை அப்படியே கொண்டுவந்து ஆனைமலை ஓடையில் இறக்குவதும் விஷப்பரீட்சை. மழைக்காலம் முழுக்க மலை மலையாகத் தவளை தேடிப் போகிறவர்கள் நீங்கள்தான். பூட்ஸைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவைத்துவிட்டு வாருங்கள், வேறொன்றும் கேட்கவில்லை.

விடுதி வளாகத்தில் இருக்கிற குட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தானாக ஊறிய ஒரு சேற்றுக் குட்டை இருந்தால் அதைச் சுற்றி சிமெண்ட் போட்டு, கலர் மீன் விட்டு, எல்.இ.டி. விளக்கு மாட்டிவிடுகிறீர்கள். மீன் தலைப்பிரட்டையைத் தின்னும், சிமெண்ட் ஓரத்தில் கிளை தாழாது, விளக்கு எரிந்தால் தவளை கத்தாது. டார்ச் அடித்ததும் சத்தம் நின்றுபோவதை நீங்களே கேட்டிருப்பீர்கள், ராத்திரி முழுக்க எரிந்தால்? அழுக்காகத் தெரிகிறது என்று அதன்மேல் தொங்குகிற செடிகளை மே மாதத்தில் 'கிளீன்' பண்ணுகிறீர்கள். அந்த அழுக்குத்தான் கூடு கட்டுகிற இடம். நவம்பரில் வெட்டிக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்.

எஸ்டேட்காரர்கள் மருந்தடிப்பது, களைக்கொல்லி ஓடையில் இறங்குவது எல்லாம் பெரிய பிரச்சினை இல்லையா என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். பெரிய பிரச்சினைதான். 1890-களில் தொடங்கி இந்த மேட்டுக் காட்டை வெட்டித்தான் தேயிலையும் காப்பியும் வந்தது, மிச்சம் இருப்பது திட்டுத் திட்டாகச் சில சோலைகள். 2023-இல் வந்த உலகக் கணக்கு ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட நீர்நில வாழ்விகள் ஆபத்தில் இருக்கின்றன என்கிறது, அதில் பருவநிலை மாற்றம் பெரிய காரணமாக ஏறிவருகிறது. மழை தள்ளிப்போனால் குட்டை தள்ளிப்போகும். அதையெல்லாம் தடுக்க உங்களாலும் முடியாது என்னாலும் முடியாது, எஸ்டேட் மேனேஜர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதவேண்டும், எழுதுவேன். ஆனால் பெரியவன் திருடுகிறான் என்பதற்காக நான் திருடுவது சரியாகாது என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே.

நல்லதையும் சொல்லவேண்டும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு ரோட்டைக் கடக்க மேலே பாலம் கட்டினார்கள், யானை எங்கே நிற்கிறது என்று ஃபோனுக்குச் செய்தி வருகிற ஏற்பாடு செய்தார்கள், அழிந்த சோலையில் நாட்டு மரம் நட்டு வளர்த்தார்கள். இதிலெல்லாம் எஸ்டேட்டும் வனத்துறையும் ஆய்வாளர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். குரங்குக்கும் யானைக்கும் முடிந்தது தவளைக்கு முடியாதா? குரங்குக்காவது பாலம் கட்டப் பணம் வேண்டியிருந்தது, தவளைக்குச் சும்மா இருந்தால் போதும்.

நடை எப்படி நடத்தலாம் என்று கேட்டால்: ஆறு பேருக்கு மேல் வேண்டாம். பாதையை விட்டு இறங்கவேண்டாம். கிளம்புவதற்கு முன்னால் வழிகாட்டிப் பையனும் விருந்தாளியும் கையைச் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் கழுவட்டும், தொடப் போவதில்லை என்றாலும். ஒரு ஜோடியோ கூடோ கண்ணில் பட்டால் எட்ட நின்று, டார்ச்சைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்து, ஆளுக்கு இரண்டு படம், நகர்ந்துவிடவேண்டும். பக்கத்தில் இரண்டு மூன்று குட்டை இருந்தால் ஒன்றை அந்த மழை முழுக்க யாரும் போகாமல் விட்டுவிடுங்கள், எது என்று விளம்பரத்தில் போடாதீர்கள். நல்ல தவளை இடத்தை ஜி.பி.எஸ். புள்ளியோடு இன்ஸ்டாகிராமில் போடுகிற பழக்கத்தையும் கேமரா நண்பர்கள் விட்டுவிட்டால் புண்ணியமாகப் போகும். ஒன்றும் கிடைக்காத ராத்திரியில் விருந்தாளிகளை ஒரு இடத்தில் நிற்கவைத்து, எல்லா டார்ச்சையும் அணைத்துவிட்டு, பத்து நிமிடம் சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஃபோனை எடுப்பார்கள், அப்புறம் சும்மா நிற்பார்கள். என் வண்டியில் திரும்பும்போது பிடித்துக் காட்டிய தவளையைப் பார்த்தவர்களைவிட இப்படிச் சத்தம் கேட்டவர்கள்தான் அதிகம் பேசிக்கொண்டு வருகிறார்கள்.

மே மாதக் கடைசிக்குள் ஒரு நாள், சீசன் கூட்டம் குறைந்ததும், விடுதிக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசலாம் என்று நினைக்கிறேன். ஆய்வாளர்கள் யாரையாவது கூப்பிட்டால் வருவார்கள், வனத்துறைக்கும் சொல்லலாம், டீ செலவு ஜீப் ஸ்டாண்டுக்காரர்கள் பொறுப்பு. வருகிறீர்களோ இல்லையோ, அந்த விளம்பரத்திலிருந்து கேரண்டியை எடுத்துவிடுங்கள், பையனுக்கு நடைக்கூலியைக் கொடுங்கள். இந்த இரண்டையும் செய்கிற விடுதி எது என்று எனக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும், எங்கே தங்கலாம் என்று பஸ் ஸ்டாண்டில் என்னைக் கேட்கிற ஆட்களை முதலில் உங்களிடம்தான் அனுப்புவேன், கமிஷன் வேண்டாம். டப்பாத் தவளை காட்டுகிற இடங்களுக்கு இந்த மழைக்கு நான் வண்டி ஓட்டுவதாக இல்லை. ஸ்டாண்டில் இன்னும் சிலரும் அதையே சொல்கிறார்கள், பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
வால்பாறை ஜீப் ஸ்டாண்டிலிருந்து ஒருவன்